யார் முதலில் குறைத்துச் சாப்பிடுவது

கூட்டம் முடிகிற நேரத்தில் மேடையில் நிற்பவர் "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்பது கேள்விக்காக அல்ல. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகலாம் என்று சொல்லும் முறை அது. பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரிந்தும் அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தொழிற்சாலையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். போன ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில், தாசேக் கெலுகோரில் மகன் வீட்டில் காலமானார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. உட்கார இத்தனை நாளாகிவிட்டது. எனக்கு இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் நாளாகிறது.

முதல் முறை அவரைக் கவனித்தது ஒரு கூட்டத்தில். அப்போது நான் ஸ்டோரில் கிளார்க். அமெரிக்கக் கம்பெனி. கணினிக்குள் போகும் சிப்புகளைச் சோதித்து, பொட்டலம் கட்டிக் கப்பலேற்றுவது எங்கள் வேலை. கலிபோர்னியாவிலிருந்து பெரிய தலைவர் வந்திருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, "என்னை சார் என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். சந்தை சரியில்லை, குடும்பம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டிய காலம் என்றார். பிறகு அந்த வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். நாங்கள் எழுந்து பாதி தூரம் போய்விட்டோம்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நீல நிறச் சீருடை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, வாரி முடிந்த கொண்டை. உற்பத்தி வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடர்களில் ஒருவர்.

"சார், ஒரு கேள்வி." பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆங்கிலத்தில்தான் கேட்டார், ஞாபகத்திலிருந்து தமிழில் எழுதுகிறேன். "குடும்பம்னு சொன்னீங்க. எங்க வீட்டுல அரிசி குறைஞ்சா முதல்ல நான் குறைச்சுக்குவேன். அப்புறம் என் வீட்டுக்காரர். கடைசியிலதான் பிள்ளைங்க. இந்தக் குடும்பத்துல யாரு முதல்ல குறைச்சுச் சாப்பிடுறது?"

தலைவர் சிரித்தார். மிக அருமையான கேள்வி என்றார். பிறகு வெகுநேரம் பேசினார். உலகச் சந்தை, பங்குதாரர்கள், நீண்ட காலப் பார்வை. அக்கா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உட்காராததால் நாங்களும் உட்கார முடியாமல் நின்றோம்.

திரும்பும் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் அவர். நான் குனிந்து, "நல்லா கேட்டீங்கக்கா" என்றேன்.

"அருமையான கேள்வின்னு சொன்னா பதில் இல்லன்னு அர்த்தம், தம்பி" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கேள்விகளை எல்லோரும் விரும்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முறை, ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, யார் முடிவு செய்கிறார்கள் என்று மேலாளரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார். நியாயமான கேள்விதான். சூப்பர்வைசருக்குப் பிடித்தவர்களுக்கே அது போய்க்கொண்டிருந்தது. மேலாளர் குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் எல்லோருக்கும் சமமாக ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிப் பிள்ளையை டியூஷனில் சேர்த்திருந்த ஒரு பெண், கேண்டீனில் அக்காவின் மேசைக்கு எதிரே வந்து நின்று, "சமமாக்கிட்டீங்கக்கா. சந்தோஷமா?" என்று கேட்டாள். அக்கா தட்டில் இருந்த மீனை முள்ளிலிருந்து பிரித்துக்கொண்டே இருந்தார், சாப்பிடாமல். பல வாரங்கள் அந்த ஷிப்ட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. அவர் நிறுத்தினாரா என்றால், இல்லை. மாதா கோயில் கமிட்டியில்கூட, பெருநாள் விருந்துக்கு எதற்கு இரண்டு வகைச் சாப்பாடு, யாருக்கு எது என்று கேட்டுவிட்டு வந்ததாக அவரே சொன்னார். "ஃபாதர் என்னைப் பார்த்தாலே கடிகாரத்தைப் பார்க்கிறாரு" என்றார்.

அந்த அமெரிக்கக் கம்பெனி எங்கள் பிரிவை மூடியபோது, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதைச் சொல்ல வேண்டும். சட்டம் சொன்னதைக் கொடுத்தார்கள், அதற்கு மேலும் கொஞ்சம் கொடுத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண்மணியை வரவழைத்து, வேலையிழப்பை எப்படி வாய்ப்பாகப் பார்ப்பது என்று வகுப்பு எடுத்தார்கள். கையில் பிசைவதற்கு ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதில் கம்பெனியின் சின்னம் இருந்தது. அக்கா அந்த வகுப்பிலும் கை தூக்கினார். "மிஸ், நீங்க இந்த வாய்ப்பை எத்தனை தடவ பார்த்திருக்கீங்க?" அந்தப் பெண்மணி நல்லவர். "ரெண்டு தடவை. அதான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றார். அக்கா அவருக்கு மட்டும் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வாசலில் நின்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சட்டப்படி குடுத்தான். மரியாதையா அனுப்பினான். ஆனா அனுப்பிட்டான் லா, தம்பி."

சூலியா தெருவில் என் மாமுவின் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. வேலையில்லாத அந்த மாதங்களில் நான் அங்கே கைவேலைக்கு நின்றேன். அக்கா சில நாள் டவுனுக்கு வந்தால், அங்கே தூக்கி ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் ஒன்று குடித்துவிட்டுப் போவார். உம்மாவுடைய தம்பியான மாமுவுக்குச் சீனா என்றால் உயிர். வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மேலைநாடுதான் எல்லாம். அவருடைய மகள் இங்கிலாந்தில் நர்ஸ். இருவருக்கும் தினமும் சண்டை. தொலைக்காட்சியில் வரித் தடை, சிப் தடை என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். இவர்கள் அதற்குக் கீழே உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் மாமு அக்காவை மத்தியஸ்தத்துக்கு இழுத்தார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. அமெரிக்காக்காரன் சிப்பு குடுக்க மாட்டேன்னு சொன்னான். சீனாக்காரன் சரி, நானே செஞ்சுக்கிறேன்னு உட்கார்ந்துட்டான். யாரையும் கெஞ்சல. அதானே ஆம்பிளைத்தனம்? அதோட, பணக்காரன் ஆட்டம் போட்டா கூப்பிட்டு மிரட்டுறான். சேத்ததை வெளிய எடு, ஏழைக்குச் செய்யுங்குறான். வெள்ளைக்காரன் செய்வானா?"

"எடுத்தது எங்கண்ணே போச்சு?" என்று அக்கா கேட்டார்.

"ரோடு போட்டான். ரயில் விட்டான். மலைக்கு மேல கரண்ட் குடுத்தான்."

"ரயில்ல ஏழை ஏறுறானா?"

"ஏறுறானே! நானே வீடியோவுல பார்த்தேன். கோழிக்கூடையோட ஏறுறான்."

"அப்ப நல்லதுதான்" என்றார் அக்கா.

மாமு வெற்றிப் புன்னகையோடு ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் விடவில்லை. "என் மக இருக்கிற ஊர்ல வேலை போனா அரசாங்கம் சோறு போடும். ஆஸ்பத்திரிக்குக் காசு இல்ல. பணக்காரன்கிட்ட மிரட்டி வாங்க வேண்டியதில்ல, சட்டம் போட்டு வரியா வாங்குறான். பிடிக்கலன்னா தெருவுல இறங்கிக் கேள்வி கேக்கலாம். நீங்க கேக்குற மாதிரி சீனாவுல ஒரு கேள்வி கேட்டுட்டு வீட்டுக்குப் போக முடியுமா?"

"அது உண்மைதான் சார். கேக்கலாம். நானும் கேட்டேன்" என்றார் அக்கா. தேநீரை ஆற்றினார். "வேலை போனா பார்த்துக்கிறாங்க. வேலை ஏன் போச்சுன்னு யாரு சார் பார்த்துக்கிறா?"

ஆசிரியருக்குக் கோபம் வரவில்லை. "தெரியலம்மா" என்றார். மூன்று பேரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். நான் தட்டு எடுக்க வந்தவன், அப்படியே நின்றேன்.

பிறகு சீனக் கம்பெனி வந்தது. தடைகளைச் சுற்றிப் போக அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. பினாங்குக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பழைய தொழிற்சாலையின் அடுத்த தெருவில் அதே சிப்புகள், அதே சோதனை. என்னை மறுபடி ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டார்கள். அக்காவை எடுத்துக்கொண்ட காரணம் வேறு. அவருக்குச் சீன மொழி நன்றாகத் தெரியும். சுங்கை பினாங்கில் வீட்டுக்குப் பின்னாலேயே சீனப் பள்ளி இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா, கங்காணிகள் எல்லாம் சீனர்களாக இருந்ததைப் பார்த்து, மகளை அங்கே சேர்த்துவிட்டார். அந்த வகுப்பில் இவர் ஒருவர்தான் தமிழ்ப்பிள்ளை. கேள்வி கேட்கும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது என்று ஒரு தடவை சொன்னார். "எனக்கு ஒண்ணும் புரியாது. கேட்டுக்கிட்டே இருப்பேன். பழகிப்போச்சு."

புதிய தொழிற்சாலையின் சுவரில் சிவப்பு எழுத்தில் பெரிய வாசகங்கள். அக்காதான் எங்களுக்கு மொழிபெயர்த்தார். ஒன்று, சொந்தக் காலில் நிற்போம் என்பது. இன்னொன்று, எல்லோரும் சேர்ந்து செழிப்போம் என்பது. அதைப் படித்துச் சொன்ன கையோடு, பக்கத்தில் நின்ற இளம் மேலாளரிடம் சீனத்தில் ஏதோ கேட்டார். அவன் முகம் சிவந்து, பிறகு சிரித்துவிட்டான்.

"என்னக்கா கேட்டீங்க?"

"சொந்தக் கால்னா யாரோட கால்னு கேட்டேன்."

அந்த மேலாளருக்கு முப்பது வயதிருக்கும். உள்நாட்டில் எங்கோ ஒரு மலைக் கிராமத்துக்காரன். அக்காவை 'தாஜியே' என்பான். அவர்கள் மொழியில் அதற்கும் அக்கா என்றுதான் பொருள். அவனும் அவன் மேலதிகாரிகளும் எங்களோடு அதே கேண்டீனில், அதே அலுமினியத் தட்டில், அதே சோற்றைச் சாப்பிட்டார்கள். பழைய கம்பெனியில் பெரியவர்களுக்கு மேல்மாடியில் தனி அறை இருந்தது. அக்கா இதைப் பார்த்து முதல் வாரம் வியந்துபோனார். ஆனால் அந்த மேசையில் யாரும் பேசுவதில்லை. வேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட வருவார்கள், நாங்களும் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தொழிற்சங்கம் என்ற சொல்லை யாரோ எடுத்தபோது, அடுத்த நாளே அந்த ஆள் வேறு பிரிவுக்குப் போய்விட்டான்.

"அங்க பேர் சொல்லிக் கூப்பிடலாம், கூடச் சாப்பிட முடியாது. இங்க கூடச் சாப்பிடலாம், கூப்பிட முடியாது" என்றார் அக்கா. அப்போது அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்களோடு நேப்பாளப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஏஜெண்ட் மூலம் வந்த கோந்த்ராக், அதாவது ஒப்பந்த ஆட்கள். எங்கள் ஆட்களிலும் சிலர் அப்படித்தான், கம்பெனி ஊழியர் கிடையாது, ஏஜெண்டின் ஆள். சாப்பாட்டு நேரம் கோந்த்ராக் ஆட்களுக்குக் கடைசியில்தான் வரும். அவர்கள் போகும்போது குழம்பில் காய் இருக்காது. அக்கா ஒரு நாள் மேலாளரின் மேசைக்கே போய், அவன் எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட்டார். எல்லோரும் சேர்ந்து செழிப்போம் என்பதில் இந்தப் பிள்ளைகள் உண்டா, இல்லையா? மேசையில் இருந்த மற்ற அதிகாரிகள் தட்டோடு எழுந்து போனார்கள். அவன் பதிலே சொல்லவில்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து நேரம் மாறியது, எல்லோரும் கலந்து சாப்பிட்டோம். அறிவிப்பு எதுவும் இல்லை.

அவர் கேட்ட அன்று மாலையே அவன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மற்றவர்கள் முன்னால் கேட்க வேண்டாம், தன் நிலைமை கஷ்டம் என்று சொன்னானாம். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அவன்மேல் கோபம் இல்லை. அவனுடைய கதை அவருக்குத் தெரிந்திருந்தது. அவன் அம்மா கடலோர நகரம் ஒன்றில் ஆயுள் முழுவதும் துணி தைத்தவர். அவர்கள் நாட்டில் எந்த ஊரில் பதிவோ அங்கேதான் பள்ளியும் மருத்துவமும். ஊர்ப் பதிவு கிராமத்தில் இருந்ததால் மகனை நகரத்துப் பள்ளியில் சேர்க்க முடியவில்லை. அவன் பெரியப்பா வீட்டில் வளர்ந்தான். அம்மாவை ஆண்டுக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்குப் பார்ப்பான். பிறகு அரசாங்கம் கிராமத்துக்கு வந்தது. சிமெண்ட் வீடு கட்டிக் கொடுத்தது, வாசல் வரை சாலை போட்டது, அவனுக்குப் படிப்புக்கு உதவியது. அதை அவன் மறக்கவில்லை. அம்மாவுக்கு முதுகு வளைந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உங்கள் ஊருக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பியதையும் மறக்கவில்லை.

"எது பெருசுன்னு அவனுக்கே தெரியல, தம்பி. ரோட்டைச் சொல்லும்போது கண்ணு கலங்குது. ஆஸ்பத்திரியைச் சொல்லும்போதும் கலங்குது. நான் என்னத்தக் கேக்குறது?"

அக்கா கேள்வியில்லாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று அப்போது நினைத்தேன்.

தொழிற்சாலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் மூடியபோது யாருக்கும் புரியவில்லை. புதிய வரி, எந்த நாட்டுச் சரக்கு என்ற கேள்வி, இங்கிருந்து அனுப்பினாலும் அமெரிக்காவில் ஏற்க மாட்டார்கள் என்ற பேச்சு. ஒரு பக்கம் அது. மறுபக்கம், அவர்கள் ஊரில் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்வதற்கு ஒவ்வொரு இயந்திரமும் தேவைப்பட்டது. எங்கள் சோதனை இயந்திரங்களைக் கழற்றித் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஸ்டோரில் மரப்பெட்டிகள் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அக்காவிடம் சொன்னேன். அவர் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு யானை நகர்ந்தா புல்லுக்கு யாரும் தகவல் சொல்றதில்ல போல" என்று முணுமுணுத்துக்கொண்டே லைனுக்குப் போனார்.

பகல் ஷிப்ட் முடியும் நேரம் எல்லோரையும் கேண்டீனில் கூட்டினார்கள். மேலாளர் கையில் தாள் இருந்தது. அவன் வாசிக்க வாசிக்க அக்கா மலாயிலும் தமிழிலும் சொல்ல வேண்டும். நேப்பாளப் பெண்களுக்கு மலாய் புரியும். அவன் குரல் தட்டையாக இருந்தது. நிரந்தர ஊழியர்களுக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. அக்கா சொன்னார். கடைசி நாள் இது. அக்கா சொன்னார். அடுத்த வாக்கியத்தை அவன் வாசித்தான். அக்கா சொல்லவில்லை.

அவனைப் பார்த்துச் சீனத்தில் ஒன்று கேட்டார். அவன் தலை குனிந்து ஏதோ சொன்னான். மறுபடியும் கேட்டார். அவனும் அதையே மறுபடி சொன்னான்.

பிறகு அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "கோந்த்ராக் ஆளுங்களுக்குக் கம்பெனி ஒண்ணும் குடுக்காது, அவங்க ஏஜெண்டோட ஆளுங்கன்னு எழுதியிருக்கு. இத்தனை வருஷம் யாரு வேலை வாங்கினதுன்னு நான் கேட்டேன். நாங்கதான்னு சொல்றாரு. அப்ப ஏன் குடுக்கலன்னு கேட்டேன். முடிவு எடுக்கிற இடத்துல நான் இல்லன்னு சொல்றாரு." தமிழில் சொன்னதை மலாயிலும் அப்படியே சொன்னார். பிறகு மறுபடியும் மேலாளர் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு கேக்குறேன். முடிவு எடுக்கிற இடம் எது? அங்க யாரைக் கேக்கணும்?"

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம். எங்களோடு பழைய கம்பெனியிலிருந்தே வந்தவர்.

"அக்கா, போதும் லா! விடுங்க. கேட்டா மட்டும் மாறவா போகுது? பஸ்ஸு போயிடும்."

இன்னும் சிலர் "ஆமாக்கா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவதுபோல் சொன்னார்கள். காலையிலிருந்து நின்ற கால்கள். எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும், போய் வீட்டில் சொல்ல வேண்டும்.

அக்கா அந்தப் பக்கம் பார்த்தார். யாரென்று தேடவில்லை. மேலாளரின் தாளை வாங்கி, மிச்சம் இருந்த வரிகளை நேராக வாசித்து, மொழிபெயர்த்து முடித்தார். யாருக்கும் கேள்வி உண்டா என்று அவனும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நேப்பாளப் பெண்களில் ஒருத்தி வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார். "அவங்க மேல தப்பு இல்ல, தம்பி. எனக்கே அலுத்துப்போச்சு. நான்தான் இன்னும் கொஞ்சம் நின்னேன்."

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். மறுவாரம் அவர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். நானும் சில தடவை போனேன். வெயிலில் நடந்து, எண் வாங்கி, காத்திருந்து, நாளைக்கு வா என்று கேட்டுத் திரும்பினோம். ஏஜெண்ட், அந்தப் பெண்கள் தனக்குக் கீழே வேலை செய்தவர்கள், தான் வேறு வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னபோது அவர்களே மறுத்துவிட்டார்கள் என்று சாதித்தான். அவனுக்கு எதிராகச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு நாள் காலை, அந்த இளம் மேலாளர் அங்கே வந்து நின்றான். ஊருக்குத் திரும்ப அவனுக்குச் சில நாட்களே இருந்தன. கம்பெனி அவனை அனுப்பவில்லை. தானாக வந்தான். இந்தப் பெண்களுக்கு வேலை கொடுத்ததும், நேரம் போட்டதும், லீவு மறுத்ததும் நான்தான், ஏஜெண்ட் அல்ல என்று அதிகாரியிடம் சொன்னான். அக்கா மொழிபெயர்த்தார். வெளியே வந்து அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னான். அவர் அதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.

முடிவில் அந்தப் பெண்களுக்கு முழு இழப்பீடு கிடைக்கவில்லை. ஏஜெண்ட் நிறுத்தி வைத்திருந்த சம்பளமும், ஊருக்குப் போகப் பயணச்சீட்டும் கிடைத்தன. உள்ளூர் கோந்த்ராக் ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் கிடைத்தது. அந்தப் பெண்களை விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்த அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பிறகு வேலைக்குப் போகவில்லை. சுங்கை பினாங் வீட்டைக் காலி செய்துவிட்டு, தீவுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் கிடங்கில் சேர்ந்தேன். அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்று நினைத்து நினைத்து நாட்கள் போயின. கடைசியாக ஒரு சனிக்கிழமை போனேன். மெலிந்திருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சீனத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பேச்சு முடிய நேரமாயிற்று.

"யாருக்கா?"

"அவன்தான். நம்ம மேனேஜர் தம்பி." மூச்சு வாங்கினார். "அவனையும் அனுப்பிட்டாங்களாம். அங்க முப்பத்தஞ்சு ஆயிட்டாலே சின்னப் பசங்களை எடுத்துக்கிறாங்களாம். பினாங்குல ஏதாவது வேலை இருக்கான்னு என்னைக் கேக்குறான். என்னைப் போய்க் கேக்குறான் பாரு."

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லலையாம். தினம் காலையில பையைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி கிளம்பிப் போறானாம். பார்க்குல உட்கார்ந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வர்றானாம். அந்தப் பார்க்குல அவனை மாதிரி இன்னும் ரொம்ப பேரு இருக்காங்களாம். யாரும் யாரோடயும் பேசுறதில்லையாம்."

மருமகள் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். தோட்டத்தில் எங்கோ லாரி திரும்பும் சத்தம் கேட்டது.

"உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களா, தம்பி? இங்கிலீஷ் சுமாரா பேசுவான். கேட்டுப் பாரேன்."

"கஷ்டம்க்கா" என்றேன். "எங்ககிட்டயே ஆள் குறைக்கப் போறாங்கன்னு..." கோப்பியை எடுத்தேன்.

அவர் போனை மடியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உன்னையுமா?"

"அடுத்த மாசத்தோட."

"எப்பத் தெரியும்?"

"கொஞ்ச நாளாச்சு."

"வீட்டுல சொல்லிட்டியா?"

கோப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் மருமகளைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "ஃபெரியை விட்டுடாத, வேகமா போ" என்று மட்டும் சொன்னார்.

அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அந்த மேலாளருக்கு வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் கடைசியில் என்ன பேசி முடித்தார்களோ. எனக்கு இப்போது மாமுவின் கடையில் கல்லாவில் வேலை.

அக்காவைப் பார்த்துவிட்டு அன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே அடுக்களை வாசலில் நின்று வேலை போவதைச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேசையில் எனக்கு ஒரு நாற்காலியும் தனக்கு ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டாள்.